விருந்தாளிக்கு எதற்கு வீட்டுச் சாவி?

"தம்பி, கம்ப்யூட்டர்ல இடமே இல்லன்னு காட்டுச்சு. தேடிப் பாத்தா ஒரே ஒரு ஃபைலு 60 ஜிபிக்கு மேல உக்காந்திருக்கு. பேரு ஒண்ணும் புரியல. ஏதோ குப்பைன்னு அழிச்சிட்டேன். இப்ப அந்தப் பழைய விண்டோஸ் திறக்கவே மாட்டேங்குது."

போனில் இதைச் சொன்னவர் ஒரு காலத்தில் சிற்றிதழ் நடத்தியவர். இதழ் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அதன் பக்கங்கள் எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைல்களாக சிடிக்களில் அவரிடம் பத்திரமாக இருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி இணையத்தில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். இன்றைய விண்டோஸில் அதை ஓட்டுவது பெரும்பாடு. எழுத்துருவோ யூனிகோடுக்கு முந்தையது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலத்துச் சரக்கு. அதனால் அவருடைய லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பேஜ்மேக்கர் என்று நான்தான் நிறுவிக் கொடுத்தேன். கணினிக்குள் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள் இன்னொரு முழுக் கணினி. அவ்வளவுதான் விஷயம்.

நான்கு மாதம் அவர் அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்தார். கட்டுரை கட்டுரையாக வெளியே எடுத்து, அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, மெய்ப்புத் திருத்தி, எக்ஸ்பியின் டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார். அந்த நான்கு மாதமும் அவர் குப்பை என்று நினைத்து அழித்த ஃபைலுக்குள் இருந்தது. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டார். இடம் வேண்டும் என்றுதானே அழித்தார், காலி செய்யாமல் என்ன செய்வார்?

நடந்தது இதுதான். எல்லாம் நிறுவி முடித்த அன்று நான் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். ஏதாவது கெட்டுப்போனால் இந்த நாளுக்குத் திரும்பி வரலாம் என்ற நல்லெண்ணம். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல டிஸ்க் ஃபைல் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் வேறொரு புதிய ஃபைலில் சேரும். அவர் அழித்தது அந்த இரண்டாவது ஃபைலை. என்னால் மீட்க முடிந்தது ஸ்னாப்ஷாட் எடுத்த நாளை மட்டும்தான்: சுத்தமான எக்ஸ்பி, சுத்தமான பேஜ்மேக்கர், ஒரு வரிகூடத் திருத்தாத நாள்.

அந்த ஃபைல் ஏன் அவ்வளவு வீங்கியது என்பது இதைவிடக் கொடுமை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் பக்கங்களைப் படமாக்கி வைத்துக்கொள்வார். ஒரு இதழ் முடிந்ததும் அந்தப் படங்களை அழித்துவிடுவார். ஒழுங்கான மனிதர். ஆனால் உள்ளே எக்ஸ்பி ஒரு ஃபைலை அழித்தால் அந்த இடம் காலி என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். வெளியே இருக்கும் கணினிக்கு அந்தச் செய்தி போகாது. புதிய இயங்குதளங்களுக்கு அப்படிச் செய்தி அனுப்ப ஒரு வழி உண்டு. எக்ஸ்பிக்கு அது தெரியாது. அதனால் டிஸ்க் ஃபைல் வளரும், தானாகச் சுருங்காது. அவர் உள்ளே குப்பையை அள்ள அள்ள, வெளியே ஒரு அங்குலம்கூடத் திரும்பி வரவில்லை.

அவர் போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். 'யாராவது தெரியாத ஃபைலை அழிப்பார்களா? பேக்கப் எங்கே?' எங்கள் தொழிலில் இது அனிச்சைச் செயல். எது உடைந்தாலும் பயன்படுத்தியவர் பக்கம் விரலை நீட்டுவது. அன்று இரவு அந்த லேப்டாப்பை வாங்கிவந்து பார்த்தபோதுதான் விரல் திரும்பியது. பாதி என் பக்கம். 80 ஜிபி வரை வளரலாம் என்று தாராளமாக அனுமதி கொடுத்தவன் நான். வேலையை உள்ளேயே சேமிக்காதீர்கள் என்று சொல்லாதவனும் நான். மீதிப் பாதி, நான் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று அழுத்திப் போட்ட அந்த மென்பொருளின் பக்கம்.

அந்த லேப்டாப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். கணினியை ஆன் செய்ததும் அந்த மென்பொருளின் சேவைகள் பின்னணியில் எழுந்துகொள்கின்றன, விர்ச்சுவல் மெஷினைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும். நெட்வொர்க் பட்டியலில் இல்லாத கார்டுகள் புதிதாக முளைத்திருக்கின்றன. இத்தனைக்கும் அவருடைய எக்ஸ்பிக்கு நெட்வொர்க்கே தேவையில்லை. 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதை இணையத்தில் விடவே கூடாது. டிஸ்க் ஃபைல்கள் அவருடைய சொந்த ஆவணங்களுக்குப் பக்கத்திலேயே, மனிதர் படிக்க முடியாத பெயர்களோடு கிடக்கின்றன. அழித்தால் என்ன போகும் என்று சொல்ல ஒரு வரி எச்சரிக்கை இல்லை.

இது ஒரு மென்பொருளின் கதை மட்டும் இல்லை, இந்த வகையின் பொதுக்குணம். விண்டோஸில் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் போட்டால் விஎம்நெட் 1, விஎம்நெட் 8 என்று இரண்டு கற்பனை நெட்வொர்க் கார்டுகளும், முகவரி வழங்க ஒன்று, யூஎஸ்பியைக் கவனிக்க ஒன்று என்று பின்னணிச் சேவைகளும் சேர்ந்து வரும். விர்ச்சுவல்பாக்ஸும் தன் பங்குக்கு ஒரு கார்டு வைக்கும். மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பு உண்மையில் ஒரு விர்ச்சுவல் மெஷின். நாம் எதுவும் சொல்லாவிட்டால் கணினியின் நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் டீஃபால்ட். அதன் டிஸ்க் ஃபைலும் வளருமே தவிரத் தானாக இளைக்காது. இளைக்க வைக்கும் வசதி 2023-ல்தான் வந்தது, அதுவும் சோதனை அம்சமாக. மேக்கில் பேரலல்ஸ் ஒரு படி மேலே. விண்டோஸ் செயலிகளை மேக் செயலிகளோடு கலந்து, எது உள்ளே எது வெளியே என்றே தெரியாமல் காட்டுவதைத் தன் பெருமையாக விற்கிறது.

இந்தத் துறையின் சொற்களைக் கவனியுங்கள். வெளியே இருக்கும் கணினிக்குப் பெயர் ஹோஸ்ட். உள்ளே ஓடுவதற்குப் பெயர் கெஸ்ட். அதாவது வீட்டுக்காரர், விருந்தாளி. வந்த விருந்தாளி வீட்டுச் சாவியில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, காலையில் நமக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றுகொண்டு, போகும்போது பெட்டிகளை விட்டுவிட்டுப் போனால் அதற்கு என்ன பெயர்? வந்தோரை உபசரிப்பதற்கு ஒரு அதிகாரமே ஒதுக்கிய மொழி நம்முடையது. ஆனால் அந்த மரியாதை இரண்டு பக்கமும் இருக்க வேண்டியது.

எப்படி இப்படி ஆனது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. விர்ச்சுவல் மெஷின் மேசைக் கணினியில் பிறக்கவில்லை. 1967-ல் ஐபிஎம் தன் கேம்பிரிட்ஜ் மையத்தில் சிபி-40 என்ற அமைப்பை ஓட்டியது. ஒரு பெரிய கணினியைப் பல பேர் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டது போல உணரவைக்கும் ஏற்பாடு. 1972-ல் அந்தப் பரம்பரையில் விஎம்/370 வணிகப் பொருளாக அறிவிக்கப்பட்டது. 1974-ல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் இப்படியொரு அமைப்புக்கான மூன்று நிபந்தனைகளை ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் நிஜக் கணினியில் ஓடுவது போலவே நடந்துகொள்ள வேண்டும். வேகம் பெரிதாகக் குறையக் கூடாது. கணினியின் வளங்கள் முழுவதும் மேற்பார்வை நிரலின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கும் நிபந்தனைகள் இவை.

மூன்றாவது நிபந்தனையை மறுபடி படியுங்கள். வளங்கள் முழுவதும் மேற்பார்வை நிரலின் கையில். ஐபிஎம்மின் பெரிய கணினிக்கு அது நியாயம். அந்தக் கணினி வாங்கப்பட்டதே அதற்காகத்தான். அங்கே குடும்பப் படங்கள் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, பாதி எழுதிய நாவல் இல்லை. 1999-ல் விஎம்வேர் இந்தத் தொழில்நுட்பத்தை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அது ஒரு பெரிய பொறியியல் சாதனை, மறுக்கவில்லை. ஆனால் இந்த மென்பொருட்கள் சர்வர் அறையின் பழக்கத்தையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டன. கணினி முழுவதும் தனக்கே என்ற நினைப்பு அது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு நான்காவதாக ஒரு நிபந்தனை வேண்டும்: எழுந்து போனால், வந்த தடம் இருக்கக் கூடாது. அதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் அந்த இடத்தை டீஃபால்ட்கள் நிரப்பிக்கொண்டன.

'அது தொழில்நுட்பத் தேவை, சும்மா குறை சொல்லாதே' என்று என் சக பொறியாளர்கள் சொல்வார்கள். சரி, தேவையானதைப் பிரித்துவிடுவோம். விர்ச்சுவல் மெஷின் வேகமாக ஓட வேண்டுமானால் ப்ராசஸரின் சிறப்பு வசதிகளைத் தொட வேண்டும். அதற்கு இயங்குதளத்தின் ஆழத்தில் ஒரு சின்னத் துண்டு நிரல் வேண்டும். டிஸ்க் ஃபைல் ஒன்று வேண்டும். ஓடும் நேரத்தில் நினைவகம் வேண்டும். இவை மூன்றும் தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடாத நேரத்திலும் விழித்திருக்கும் சேவை எதற்கு? யாரும் கேட்காத நெட்வொர்க் கார்டு எதற்கு? அழித்தால் என்ன ஆகும் என்று சொல்லாத ஃபைல் பெயர் எதற்கு? இவை தேவை இல்லை, வசதி. யாருக்கு வசதி? 'நெட்வொர்க் வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்கள் குறைவதால், செய்பவர்களுக்கு வசதி.

வேறு மாதிரி முடியாது என்பதும் பொய். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கர்னலிலேயே கேவிஎம் என்ற அந்த ஆழத்துத் துண்டு சேர்க்கப்பட்டுவிட்டது. அதன் மேல் கியூஎமு என்ற நிரலைச் சாதாரணப் பயனராகவே ஓட்டலாம். நெட்வொர்க் வேண்டுமென்றால் அந்த நிரலே தனக்குள் சமாளித்துக்கொள்ளும். வெளியே ஒரு கார்டும் முளைக்காது. ஜன்னலை மூடினால் நிரல் முடிந்தது. மிஞ்சுவது ஒரு டிஸ்க் ஃபைல். ஆப்பிள் 2014 முதலே இதற்கான வசதியை மேக் இயங்குதளத்துக்குள் வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் யூடிஎம் போன்ற செயலி கர்னலுக்குள் எதையும் திணிப்பதில்லை. விண்டோஸ் 10-ல் 2019-ல் வந்த சாண்ட்பாக்ஸை மூடினால் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துபோகும். மூடுவதற்கு முன் அதைச் சொல்லி எச்சரிக்கவும் செய்யும். ஆனால் ஹோம் பதிப்பு வாங்கியவருக்கு அது கிடையாது. வீட்டுக்கு என்றே பெயர் வைத்த பதிப்பில் வீட்டைச் சுத்தமாக வைக்கும் கருவி இல்லை! சுத்தமாக வந்துபோவது எப்படி என்று இந்தத் துறைக்கு நன்றாகவே தெரியும். அதை டீஃபால்ட் ஆக்கத்தான் மனமில்லை.

அடுத்த பதில், 'டிஸ்க் விலை மலிவு, பெருசா ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதானே'. மாதச் சம்பளம் வாங்கும் பொறியாளர் சொல்லும் பதில் இது. அந்தப் பெரியவருடைய லேப்டாப்பில் இருந்தது 256 ஜிபி. இன்று பல மாடல்களில் எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளவே முடியாது, போர்டோடு ஒட்டியே வருகிறது. சரி, 1,000 ஜிபி வாங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். வளர மட்டுமே தெரிந்த ஃபைலுக்கு அது கொஞ்சம் தள்ளிப்போட்ட தேதி, அவ்வளவுதான்.

'கிளவுடுக்குப் போய்விடு' என்பது இன்னொரு பதில். நம் வீட்டில் விருந்தாளி தொல்லை கொடுக்கிறார் என்றால், வீட்டை விட்டுவிட்டு மாத வாடகைக்கு அடுத்தவர் வீட்டில் போய் இருக்கச் சொல்வது போல. வாடகை கட்டாத மாதம் பெட்டி தெருவில் இருக்கும். ஒரு நின்றுபோன சிற்றிதழின் பழைய பக்கங்களுக்கு யார் மாதாமாதம் கட்டுவார்கள்?

'ஸ்னாப்ஷாட் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஏன் தொட வேண்டும்' என்பதுதான் எனக்கு அதிகம் கோபம் தரும் பதில். அவர் ஸ்னாப்ஷாட்டைத் தொடவில்லை. தன்னுடைய கணினியில், தன்னுடைய டிஸ்கில், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒன்றைத் தொட்டார். ஒரு மனிதருக்குத் தன் வீட்டில் எது தன்னுடையது என்று தெரியாமல் போவதைத்தான் நான் அடைசல் என்கிறேன். டெஸ்க்டாப்பில் பத்து ஐகான் கூடுதலாக இருப்பது பெரிய விஷயமே இல்லை. எதைத் தொட்டால் எது இடியும் என்று தெரியாத பயம் வந்துவிட்டால், அந்தக் கணினி அவருடையது இல்லை.

இது ஒரு இலக்கிய இதழில் எழுத வேண்டிய விஷயமா என்று கேட்பீர்கள். ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் தமிழில் அச்சான பலவற்றின் மின்வடிவம் இன்று திறக்க முடியாத ஃபைல்களில், செத்துப்போன குறியேற்றங்களில் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவிகளில் ஒன்று இந்த விர்ச்சுவல் மெஷின். அந்த வேலையைச் செய்யப்போவது பெரிய நிறுவனங்கள் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய இதழாளர்கள், அச்சகத்தில் இருந்தவர்கள், உங்களைப் போல ஆர்வமுள்ள இளைஞர்கள். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு கணினி. அதை நாசம் செய்யாமல் வந்துபோகும் கருவி கிடைக்காவிட்டால், ஒருமுறை சூடு பட்டவர் மறுமுறை தொட மாட்டார். இழப்பு அவருக்கு மட்டும் இல்லை.

பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் உட்காரலாம், படுக்கலாம், தண்ணீர் கேட்கலாம். ஆனால் அது வாசற்படிக்கு வெளியே. வீட்டின் பகுதிதான், வீட்டுக்குள் இல்லை. நான் இப்போது விர்ச்சுவல் மெஷினைத் திண்ணையில்தான் வைக்கிறேன். அதற்கான ஏற்பாடுகள் எளிமையானவை.

எல்லா மெஷின்களும் ஒரே ஃபோல்டரில். ஆவணங்கள் இருக்கும் இடத்தில் இல்லை. முடிந்தால் தனி பார்ட்டிஷனில் அல்லது வெளியே செருகும் எஸ்எஸ்டியில். அந்த ஃபோல்டரின் பெயரிலேயே 'இதை இங்கிருந்து அழிக்காதே' என்று தமிழில் எழுதிவிடுகிறேன். சிரிக்காதீர்கள், அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான்கு மாதம் தப்பியிருக்கும். டிஸ்க் அளவை உருவாக்கும்போதே இறுக்கிப் பிடிக்கிறேன். எக்ஸ்பிக்கும் பேஜ்மேக்கருக்கும் 10 ஜிபி தாராளம். பின்னணிச் சேவைகள் கணினியோடு சேர்ந்து எழாமல், கூப்பிட்டால் மட்டும் வரும்படி மாற்றிவிடுகிறேன். நெட்வொர்க் தேவையில்லாத மெஷினுக்கு நெட்வொர்க் கார்டே கொடுப்பதில்லை. கிளிப்போர்டுப் பகிர்வை மூடிவிடுகிறேன்; நான் காப்பி செய்த பாஸ்வேர்டு விருந்தாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்த வேலை முடிந்ததும், ஃபைலாக இல்லாமல், அந்த மென்பொருளின் வழியாகவே நீக்கிவிடுகிறேன். பாதுகாக்க நினைத்தால் மெஷினை நிறுத்திவிட்டு முழு ஃபோல்டரையும் வேறு டிஸ்கில் நகல் எடுக்கிறேன். ஸ்னாப்ஷாட் ஒருபோதும் பேக்கப் ஆகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. செய்த வேலை விருந்தாளியின் பெட்டிக்குள் தங்கக் கூடாது. ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் இருவருக்கும் பொதுவாகத் திறந்து, அன்றன்றைய வேலையை அதில் வைக்க வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் நாளைக்கு மெஷின் போனாலும் எழுத்து போகாது.

இவ்வளவையும் ஒவ்வொன்றாக நான் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வழக்கு. நிறுவும்போது ஒரே ஒரு திரையில் கேட்டிருக்கலாம்: நெட்வொர்க் வேண்டுமா? கணினியோடு சேர்ந்து எழவா? எவ்வளவு இடம் வரை வளரலாம்? மூன்று கேள்விகள். உரிம ஒப்பந்தத்துக்கு இத்தனை பக்கங்கள் எழுதத் தெரிந்தவர்களுக்கு மூன்று கேள்விகள் எழுத முடியாதா? நாமும் சும்மா இல்லை. இத்தகைய மென்பொருட்களை ஊருக்கெல்லாம் பரிந்துரைப்பவர்கள் நாம்தான். அடுத்த முறை ஒருவருடைய கணினியில் ஒன்றைப் போட்டுக் கொடுக்கும்போது, அது எப்படி ஓடும் என்பதோடு எப்படிப் போகும் என்பதையும் காட்டிவிட்டு வாருங்கள்.

அந்த லேப்டாப்பைத் துடைத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கப் போனேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் இதழ்ல நாலு பிழை அச்சுலயே வந்திருந்துச்சு தம்பி. அதையெல்லாம் சரி பண்ணியிருந்தேன். எங்கெங்கன்னு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். புதிய ஃபோல்டரின் பெயரைச் சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, முதல் சிடியை எடுத்துச் செருகினார்.